பாண் வண்டிக்கு மிரண்ட மட்டக்குதிரை: கசை எடுக்காமல் பழக்கிய விதம்

கொழும்பு மட்டக்குளியில், களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டிலில் ராணி நிற்கிறாள். செம்பழுப்பு நிற மட்டக்குதிரை. கழுத்து முதுகோடு சேரும் தோள்மேட்டில் அளந்தால் 122 சென்ரிமீற்றர். குதிரைக்காரர் கணக்கில் 12 கை. காலிமுகத் திடலில் பிள்ளைகளை ஏற்றி நடத்தலாம் என்று அவளுடைய சொந்தக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், அவளை வாங்கினார். கொண்டுவந்து இறக்கிய பிறகுதான் அவளுடைய பயங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. வலது காதுப் பக்கம் கை போனால் தலையை உயரத் தூக்கிவிடுவாள். கட்டிய கயிறு இறுகினால் முழுப் பலத்தோடும் பின்னுக்கு இழுப்பாள். பின்னங்கால் இரண்டில் இடது காலைத் தொட விடமாட்டாள். குளம்பு சீவ வந்தவர் ஒரு தடவை முயன்றுவிட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். விடியப் பாண் விற்க வரும் த்ரீவீலரின் பாட்டுக் கேட்டாலோ பின்சுவரோடு ஒட்டி நின்று நடுங்குவாள்.

நானா குதிரைகளோடு வளர்ந்தவர் அல்ல. முன்பு மாட்டு வண்டில் வைத்திருந்த குடும்பம். "அடியாத மாடு படியாதுன்னு சொல்றாங்க தானே தம்பி" என்றார் முதல் நாளே. நான் சில வருடங்கள் லாயத்தில் வேலை செய்தவன். எனக்குத் தெரிந்ததை அவருக்குச் சொன்னேன்: அடித்தால் குதிரையும் படியும், ஆனால் அந்தப் படிவு பயத்தில் நிற்கும். பயந்த குதிரைக்குத் தெரிந்த ஒரே வழி ஓட்டம். முதுகில் ஒரு பிள்ளை இருக்கும்போது ஓட்டம் பிடித்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள் நானா என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, உங்கட வழியிலேயே பாப்போம்" என்றார். கசையைக் கொட்டிலில் இருந்து எடுத்துப் போனவரும் அவரேதான். இந்தப் பதிவு அதன் பிறகு நாங்கள் செய்த வேலை பற்றியது.

பழக்கத் தொடங்குமுன் மிருக வைத்தியரைக் கூப்பிட்டோம். இதை யாரும் தவிர்க்கக் கூடாது. குதிரையின் "குணம்" என்று நாம் பெயர் வைப்பதில் பாதி வலியாக இருக்கும். டொக்டர் பார்த்தபோது வலது காதின் அடியில் உண்ணிகளும் அரைகுறையாக ஆறிய ஒரு புண்ணும் இருந்தன. கடைவாய்ப் பற்களின் ஓரம் கத்திபோல் கூர்மை. குதிரைக்குப் பல் ஆயுள் முழுவதும் வெளியே வந்துகொண்டே இருக்கும், வருடத்துக்கு 2 அல்லது 3 மில்லிமீற்றர். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலம். ஆகவே மேல்வரிசையின் வெளியோரமும் கீழ்வரிசையின் உள்ளோரமும் தேயாமல் கூராகி, கன்னத்தையும் நாக்கையும் கிழிக்கும். அந்த வாயில் கடிவாள இரும்பைப் போட்டு இழுத்திருந்தால் அவள் தலையை உதறியதில் என்ன ஆச்சரியம்? டொக்டர் பற்களை அரத்தால் ராவிவிட்டார். பின்குளம்புகள் இரண்டிலும் நடுவில் இருக்கும் ஆப்பு வடிவ மென்பகுதி கறுத்து, நாற்றம் எடுத்திருந்தது. ஈரத் தரையில் நின்றால் வரும் குளம்பழுகல். தென்மேல் பருவமழைக் காலத்தில் கொழும்பில் தரை காயவே காயாது, அதுதான் காரணம். கொட்டிலின் ஒரு பாதியைச் செங்கல் அடுக்கி உயர்த்தி, மேலே ரப்பர் விரிப்புப் போட்டோம். இடுப்பையும் கால் மூட்டுகளையும் மடக்கிப் பார்த்து, வேறு நோவு இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகுதான் எங்கள் வேலை தொடங்கியது.

சாப்பாட்டையும் மாற்றினோம். குதிரையின் இரைப்பை சின்னது, ஆனால் அமிலம் இரவு பகலாகச் சுரந்துகொண்டே இருக்கும். வெறும் வயிற்றோடு நிற்கும் குதிரை எரிச்சலாகத்தான் இருக்கும். வாந்தி எடுக்கவும் அதற்கு முடியாது, அதனால் வயிற்றுக் கோளாறு உயிரையே கொண்டுபோகும். நெஞ்சுச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, உடல் நீளத்தாலும் பெருக்கி, 11,880 ஆல் வகுத்தால் ஏறத்தாழ எடை கிலோவில் வரும். ராணிக்கு 142, 132. கணக்குப் போட்டால் 224 கிலோ. எடையில் நூற்றுக்கு 2 பங்கு உலர்தீனி என்றால் நாலரைக் கிலோ. பச்சைக் கினிப்புல்லில் பெரும்பகுதி தண்ணீர். அதனால் நாளொன்றுக்கு 20 கிலோ மட்டில் வெட்டிப் போடவேண்டும். முன்பு காலையில் ஒரு கட்டு, பின்னேரம் ஒரு கட்டு. இப்போது அதே புல் நாள் முழுவதற்கும் பிரித்துப் போகிறது. பழக்கும் வேளையில் அவள் பசியோடு இருப்பதில்லை. பசிக்க விட்டுப் பழக்குவதை நான் ஒப்புக்கொள்வதில்லை.

குதிரைக்குக் கண் தலையின் இரு பக்கமும் இருப்பதால் ஏறத்தாழ 350 பாகை சுற்றிலும் பார்க்கும். பார்க்காத இடம் இரண்டு: நெற்றிக்கு நேர் முன்னால் கொஞ்சம், வாலுக்கு நேர் பின்னால் கொஞ்சம். நாம் அன்பாக நினைத்துக்கொண்டு நேர் எதிரே போய் நெற்றியில் கை வைக்கிறோமே, அது அவளுக்குத் திடீரென்று எங்கிருந்தோ வந்த கை. நிறத்தில் நீலமும் மஞ்சளும் தெரியும். சிவப்பையும் பச்சையையும் பிரித்து அறியாது. காது இன்னும் கூர்மை. மனிதர் கேட்கும் எல்லை 20,000 ஹேர்ட்ஸ் என்றால் குதிரை 33,000 வரை கேட்கும். மலிவான ஒலிபெருக்கி கீச்சிடும்போது நமக்குக் கேட்காத கீச்சும் அவளுக்குக் கேட்கக்கூடும். பாண் வண்டிப் பாட்டை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

சாமான் அதிகம் வாங்கவில்லை. அகலமான பருத்திப் பட்டியில் தைத்த தலைக்கயிறு ஒன்று. மெல்லிய நைலோன் முடிச்சுக் கயிறு வேண்டாம், அது எலும்பில் அழுத்தும். 12 அடி நீளப் பருத்திப் பிடிகயிறு ஒன்று. முகத்துவாரம் மீன்பிடித் துறைமுகப் பக்கம் கேட்டு எடுத்த, வலையில் கட்டும் மஞ்சள் மிதவை ஒன்று. அதை விளக்குமாற்றுத் தடியின் நுனியில் செருகிக்கொண்டோம். மஞ்சள் என்பதால் புல்லின் நடுவிலும் அவளுக்குப் பளிச்சென்று தெரியும். இடுப்பில் ஒரு துணிப்பை, அதில் நீளவாட்டில் கீறிய கரட். வட்டமாக வெட்டிய கரட் தொண்டையில் அடைக்கும், நீளவாட்டில்தான் வெட்ட வேண்டும். "சரி" என்று சொல்வதற்கு நாக்கால் ஒரு "டொக்". வேறு எதற்கும் அந்தச் சத்தத்தைப் பாவிப்பதில்லை என்று நானாவும் அவர் மகனும் நானும் பேசிக்கொண்டோம்.

வேலை விடியற்காலையில். வெயில் ஏறினால் இந்த ஊர்ப் புழுக்கத்தில் குதிரைக்கும் முடியாது, மனிதருக்கும் முடியாது. ஒரு முறைக்குப் பத்து நிமிடம், பிறகு ஓய்வு. தொடங்குமுன் தாடைக்கு அடியில் ஓடும் நாடியை விரலால் பார்ப்போம். ஓய்வில் நிற்கும் வளர்ந்த குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கலாம். ராணிக்கு வழக்கமாக 40. அதற்கு மேலே போய் இறங்காமல் நின்றால் அன்று பழக்கம் இல்லை, புல் மட்டும்.

முதலில் செய்தது வாசலில் நிற்பது. அவளுடைய தோளை நோக்கி, சாய்வாக, ஒரு அடி முன்னே. காது என் பக்கம் திரும்பியதும் நின்றேன். கழுத்துத் தசை இறுகாமல் என்னைப் பார்த்தாளா, உடனே ஒரு அடி பின்னே. கொஞ்ச நேரம் பொறுத்து மறுபடி முன்னே. இதைப் பார்த்துக்கொண்டிருந்த நானாவின் மகன், "அண்ணா, கிட்டப் போறதுக்குத்தானே வந்தீங்க, ஏன் பின்னுக்கு வாறீங்க?" என்று கேட்டான். நல்ல கேள்வி. அவளுக்கு நான் நெருங்குவது ஒரு அழுத்தம். அந்த அழுத்தம் எந்த நொடியில் நீங்குகிறதோ, அந்த நொடியில் தான் செய்துகொண்டிருந்ததையே அவள் மறுபடியும் செய்வாள். அமைதியாகப் பார்த்தபோது நான் விலகினால் அமைதியாகப் பார்ப்பதைக் கற்கிறாள். ஓடியபோது விலகினால் ஓட்டத்தைக் கற்கிறாள். மென்மையான பழக்கத்தின் முழுச் சூட்சுமமும் இந்த விடும் நேரத்தில்தான் இருக்கிறது. அரை நொடி பிந்தினால் வேறு எதையோ கற்பித்திருப்போம். அந்தப் பையனுக்கு இது சட்டென்று விளங்கியது. ஒரு கிழமைக்குள் அவனுடைய நேரக்கணிப்பு என்னுடையதைவிடத் திருத்தமாக இருந்தது.

நம் உடம்பைக் குதிரைகள் எவ்வளவு நுட்பமாக வாசிக்கின்றன என்பதற்குப் பழைய சாட்சி ஒன்று உண்டு. பேர்லினில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லிப் பேர் வாங்கியது. 1907-இல் ஒஸ்கார் ஃபுங்ஸ்ட் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் ஹான்ஸுக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலையும் தோளும் தம்மை அறியாமலே அசைந்தன. அந்த அசைவைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்தியது. பலர் இந்தக் கதையைக் குதிரையின் தோல்வியாகச் சொல்வார்கள். எனக்கோ இது பெரிய வியப்பு. நம் தலையின் சிறு அசைவைப் படிக்கும் ஒரு உயிரிடம் நாம் ஏன் கத்த வேண்டும்? நானாவிடம் நான் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: கொட்டிலுக்குள் வரும்போது மூச்சை நீளமாக விட்டுக்கொண்டு வாருங்கள், தோளைத் தளர்த்துங்கள். அவர் அப்படி வரத் தொடங்கியபின் ராணி வாசலுக்கு முகம் காட்டி நிற்கத் தொடங்கினாள்.

பிறகு மஞ்சள் மிதவை. அதை அவள் மூக்குக்கு ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன். குதிரைக்குப் பயம் எவ்வளவோ, ஆர்வமும் அவ்வளவு. மூக்கு நீண்டது, தொட்டது, "டொக்", கரட். கரட்டைக் கையை நன்றாக நீட்டி, அவள் முகம் என் பையை விட்டு விலகி இருக்கும் இடத்தில் கொடுக்கவேண்டும். அப்படிச் செய்தால் பையைத் துழாவிக் கடிக்கும் பழக்கம் வராது. மிதவையைத் தொடுவது உறுதியானதும் அதை நகர்த்தினோம்: இரண்டு அடி நடை, நாலு அடி நடை, வாசல் வரை, முற்றம் வரை. கயிறே இல்லாமல் ஒரு குதிரை எங்களோடு முற்றத்தைச் சுற்றி வந்ததை நானாவின் வீட்டார் ஒருவர் யன்னலால் பார்த்து அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக் காட்டினார். இந்தப் பயிற்சி அவளுக்குக் கொடுத்தது தெரிவு. வரலாம், வராமல் இருக்கலாம். வராவிட்டால் தண்டனை இல்லை. அந்தச் சுதந்திரம் இருப்பதாலேயே அவள் வந்தாள் என்று நம்புகிறேன்.

காதுதான் நீண்ட வேலை. புண் ஆறி, உண்ணி போய் வெகுநாளாகியும் கை உயர்ந்தால் தலை உயர்ந்தது. முன்பு யாரோ காதை முறுக்கிப் பிடித்துத் தலைக்கயிறு போட்டிருக்கிறார்கள் என்பது எங்கள் ஊகம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. அவள் தலையை உதறும்போது கையை எடுத்தால், உதறினால் கை போகும் என்று கற்பாள். எடுக்காமல் காதைப் பிடித்துக்கொண்டே நின்றால், அவளுக்குத் தப்ப வழியில்லை என்ற திகில் கூடும். இரண்டுமே கேடு. வழி என்னவென்றால் உதறலே வராத தூரத்தில் வேலை செய்வது. தோள்மேட்டில் தொடங்கினோம். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்ளும் இடம் அது. பிரான்ஸின் கமார்க் குதிரைகளில் செய்து 1993-இல் வெளியிட்ட ஆய்வில், அந்த இடத்தைச் சொறிந்தால் இதயத் துடிப்பு இறங்குவதை அளந்து காட்டினார்கள். ராணிக்கு அங்கே சொறிந்தால் மேலுதடு நீண்டு துடிக்கும். அங்கிருந்து கழுத்தின் நடு, பிடரி மயிரின் மேல்முனை, காதுக்கு ஒரு சாண் கீழே என்று கை ஏறியது. ஒவ்வொரு இடத்திலும் அவள் கண்ணோரம் சுருங்குமுன், மூக்குத்துளை இறுகுமுன், நானே கையை எடுத்துவிடுவேன். எடுத்த கையை மறுபடி வைக்குமுன் அவள் தலையைத் தாழ்த்தும் வரை காத்திருப்பேன். கடைசியில் அவளாகவே தலையைத் தாழ்த்திக் காட்டத் தொடங்கினாள். அது "வைக்கலாம்" என்று அவள் தந்த சம்மதம்.

தலைக்கயிற்றை நாங்கள் போடவில்லை, அவளே போட்டுக்கொண்டாள் என்று சொல்லலாம். மூக்குப்பட்டியை வட்டமாக விரித்துப் பிடித்து, மறுபக்கம் மிதவையைக் காட்டினோம். மிதவையைத் தொட மூக்கு பட்டிக்குள் நுழைய வேண்டும். நுழைந்து, தொட்டு, கரட் வாங்கி, வெளியே வந்தாள். பட்டியைக் கட்டாமலே இதைத் திரும்பத் திரும்பச் செய்தோம். காதின் மேலால் இழுத்துப் போடும் வகையை விட்டு, கழுத்தின் பின்னால் கொக்கி மாட்டும் வகையையே இன்றும் பாவிக்கிறோம். பழகிவிட்டாளே என்று காதை மறுபடி தொந்தரவு செய்யத் தேவையில்லை.

ஒரு கருத்தை இங்கே சொல்லவேண்டும். வட்டத் தொழுவுக்குள் குதிரையை விட்டு, கயிற்றை வீசிச் சுற்றிச் சுற்றி ஓடவைத்து, அது களைத்துத் தலை தாழ்த்தி நம்மிடம் வரும்போது "என்னைத் தலைவனாக ஏற்றுக்கொண்டது" என்று காட்டும் முறை ஒன்று பிரபலம். அடி இல்லை என்பதால் அதையும் மென்முறை என்கிறார்கள். எனக்கு அதில் சம்மதம் இல்லை. ஓடுவதற்கு இடமில்லாத இடத்தில் ஓடவிட்டால், துரத்தல் நிற்கும் ஒரே புள்ளி நம் பக்கம். குதிரை அந்தப் புள்ளிக்கு வருகிறது. அங்கே வேலை செய்வது பயம்தான். ஏற்கனவே பயத்தில் முறிந்த ராணி போன்ற குதிரைக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்து கயிறு இழுபறி. உடம்பில் தொடர்ந்து ஒரு அழுத்தம் பட்டால் அதற்கு எதிராகத் தள்ளுவது குதிரையின் இயல்பு. அழுத்தத்துக்கு இசைந்து கொடுப்பது பிறப்பில் வருவதில்லை, கற்பிக்க வேண்டும். பிடிகயிற்றை இரண்டு விரலால் மட்டும் பிடித்து, தாடைக்கு அடியில் ஒரு சின்னக் கனம் கொடுத்தேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, அப்படியே காத்திருந்தேன். முன்னங்காலில் எடை மாறியது. கால் எடுக்கவில்லை, எடை மாறியது மட்டும்தான். உடனே விரலைத் திறந்துவிட்டேன், "டொக்", கரட். எடை மாற்றம் ஒரு அடியானது, ஒரு அடி இரண்டானது. பின்னுக்கும் அப்படியே, தலையைக் கீழே கொண்டுவரவும் அப்படியே. இதில் அவசரப்படுபவர்கள் பலமாக இழுப்பார்கள். 224 கிலோவோடு இழுபறி வைத்து நாம் வெல்லப்போவதில்லை. தோற்கும் ஒவ்வொரு முறையும் தன் பலத்தை அவள் அறிந்துகொள்வாள்.

கட்டுவதற்கு முன், கம்பத்து வளையத்தில் கயிற்றை ஒரு சுற்று மட்டும் போட்டு மறுமுனையை நான் பிடித்துக்கொண்டேன். அவள் திடுக்கிட்டுப் பின்னே போனால் கயிறு உராய்ந்து மெல்ல வழுகிப் போகும். திடீரென்று இறுகும் அந்தத் திகில் வராது. நின்றதும் கயிறும் தளரும். இது நன்றாகப் பழகிய பிறகுதான் உண்மையாகக் கட்டினோம். அப்போதும் வளையத்தில் மெல்லிய சணல் கண்ணி ஒன்று போட்டு அதில்தான் கட்டுவோம். மிரண்டு இழுத்தால் சணல் அறும், கழுத்து தப்பும். கயிற்றை ஒருபோதும் கையில் சுற்றிப் பிடிக்கக் கூடாது. விரலைக் கொண்டுபோய்விடும். பையனிடம் இதைக் கண்டிப்பாகவே சொன்னேன்.

இடது பின்னங்காலுக்குக் கையைக் கொடுக்கவில்லை. துணி அடைத்த பழைய கையுறை ஒன்றைத் தடியில் மாட்டி, அவள் இடுப்பருகில் நின்று அதனால் தடவினோம். உதைத்தால் உதை கையுறைக்கு. உதைத்தபோது கையுறையைக் கொஞ்சம் மேலே, அவள் பொறுக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், அங்கே கால் அமைதியானதும் எடுத்தோம். கையுறை குளம்பு வரை போகத் தொடங்கிய பின்தான் என் கை. வாலைப் பார்த்தபடி இடுப்போடு ஒட்டி நின்று, தொடையிலிருந்து கீழே வழித்து, கணுக்காலுக்கு மேலே மெல்லக் கிள்ளுவேன். காலின் கனம் குறைந்தால் போதும், விட்டுவிடுவேன். மறுபக்கம் பையன் மிதவையைக் கொஞ்சம் வலப்புறம் பிடித்திருப்பான். அவள் அதைத் தொடச் சாயும்போது இடது காலின் எடை தானாகக் குறையும். நுனிக்குளம்பு தரையில், பிறகு ஒரு விரற்கடை உயரம், பிறகு மூன்று மூச்சு நேரம். அவள் பறிக்குமுன் நானே காலைத் தரையில் வைத்துவிடுவேன். ஈரத் தரையில் இதைச் செய்யாதீர்கள். ஒரு காலைத் தூக்கிய குதிரைக்கு வழுக்கும் தரையே பெரிய பயம். ரப்பர் விரிப்பின் மேல் நின்றபோதுதான் ராணி நிதானமானாள். குளம்பு சீவுபவர் மறுபடி வந்தபோது இரண்டு பின்குளம்பையும் இடையில் ஓய்வு கொடுத்துச் சீவி முடித்தார். அழுகிய பகுதிக்கு இப்போது தினமும் மருந்து போட முடிகிறது, அதுதான் பெரிய லாபம்.

பாண் வண்டி. கொழும்பில் இருப்பவர்களுக்கு விளக்கவேண்டியதில்லை: கண்ணாடிப் பெட்டி பூட்டிய த்ரீவீலர், கீச்சுக் குரலில் ஒரு பியானோ மெட்டு, விடியவும் பின்னேரமும். சூன் பாண் என்பார்கள். எங்கள் ஒழுங்கையில் அது கொட்டில் சுவரோரமாகவே வந்து நிற்கும். அந்த மெட்டைக் கைப்பேசியில் பதிவு செய்தேன். முதலில் முற்றத்தின் மறுகோடியில், நமக்கே கேட்டும் கேளாத சத்தத்தில். அவள் ஒரு காதைத் திருப்பிவிட்டு மறுபடி புல்லை மெல்லத் தொடங்கினால் சத்தம் சரியான அளவில் இருக்கிறது; மெல்லுவதை நிறுத்தித் தலை உயர்த்தினால் கூடிவிட்டது, குறைக்க வேண்டும். இதில் வரிசை முக்கியம். மெட்டு முதலில், இரண்டு நொடி கழித்துக் கரட். மெட்டு நின்றால் கரட்டும் நிற்கும். வரிசையை மாற்றி, முதலில் கரட் வாளியைக் காட்டிவிட்டு மெட்டைப் போட்டால், வாளியே ஆபத்தின் அறிகுறியாகி, வாளிக்கும் பயப்படத் தொடங்குவாள். நல்ல எண்ணத்தோடு செய்யும் பலர் இந்த இடத்தில் தலைகீழாகச் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

சத்தம் கூடியது, தூரம் குறைந்தது. இரண்டையும் ஒரே நாளில் மாற்றவில்லை. கைப்பேசிக்குப் பழகியவள் உண்மையான வண்டிக்குப் பழகியவள் ஆகமாட்டாள். அதற்கு இயந்திர இரைச்சல் உண்டு, விளக்கு உண்டு, ஆளும் உண்டு. பாண்காரர் இளம் பொடியன். நானா அவரோடு சிங்களத்தில் கதைத்தார்: "மல்லி, எங்கட குதிரைக்காகக் கொஞ்சம் உதவி செய்யுங்க." அவர் மகிழ்ச்சியோடு சம்மதித்தார். ஒழுங்கை முனையில் வண்டியை நிறுத்தி, மெட்டைக் குறைத்துப் போட்டு, நான் கை காட்டியதும் நிறுத்துவார். நாள் போகப் போக ஒரு வீடு, இரண்டு வீடு தள்ளிக் கிட்ட வந்தார். இப்போது மெட்டுக் கேட்டால் ராணி கனைத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறாள். பாண் கொடுப்பதில்லை. மாவுப் பண்டம் அவள் வயிற்றுக்கு ஆகாது என்று பாண்காரரிடமும் சொல்லி வைத்திருக்கிறோம். அவர் ஒரு பிடி புல்லைத் தன் கையாலேயே கொடுத்துவிட்டுப் போவார். ஆனால் இந்தப் பயம் அழிந்துவிட்டது என்று நான் எழுதமாட்டேன். குதிரையின் மூளையில் பழைய பயம் அப்படியே இருக்கும், அதன் மேல் புதிய பழக்கம் ஒன்று படிந்திருக்கிறது. நீண்ட இடைவெளி விட்டால், புதிய இடத்துக்குப் போனால், பழையது தலை நீட்டலாம். அதனால் கிழமைக்கு ஒரு முறையாவது கரட்டோடு அந்த மெட்டை நினைவுபடுத்துகிறோம்.

குதிரையை அறிந்த கைகள் நிறைய இருந்த நகரம் இது. காலிமுகத்தில் பந்தயம் ஓடிய காலம் உண்டு. 1893 முதல் ரீட் அவெனியூ பக்கத்துப் பந்தயத் திடலில் ஓடியது. இரண்டாம் உலகப் போரில் அந்தத் திடல் விமானத் தளமாகி, 1942 ஏப்ரல் 5-இல் ஜப்பானியர் தாக்கியபோது அங்கிருந்தே போர் விமானங்கள் எழும்பின. 1956-இல் கொழும்பில் பந்தயம் நின்றது. இன்று அங்கே கடைகளும் விளையாட்டு மைதானமும். லாயம் போனால் லாயத்து அறிவும் போய்விடுகிறது. நல்ல சேணம் தைப்பவரை, குளம்பு சீவுபவரை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. எங்களுக்குத் தெரிந்த கொஞ்சத்தையாவது எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியதற்கு அதுவும் ஒரு காரணம்.

முற்றத்துக்கு வெளியே முதல் நடை காக்கைதீவுக் கடற்கரைக்கு, ஆள் வருமுன். கடல்காற்றில் சொப்பிங் பை பறக்கும், குடை விரியும், நாய் வரும். காலிமுகத்தில் இதற்கு மேலாகப் பட்டங்களும் உண்டு. ஒரு சின்னப் பட்டத்தைப் பையன் அவளுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு விலகிப் போவான். நானும் அவளும் அதன் பின்னால் நடப்போம். விலகிப் போகும் பொருளைப் பின்தொடர்வது குதிரைக்குத் தைரியம் தரும். அதே பொருள் எதிரே வந்தால் ஓடும். பின்தொடர்ந்து, எட்டிப் பிடித்து, முகர்ந்து பார்த்த பட்டத்துக்கு அவள் பிறகு பயப்படவில்லை. மிரண்டு நின்ற இடங்களும் உண்டு. அங்கே இழுக்காமல், அவள் நின்ற இடத்திலேயே சேர்ந்து நின்று, ஒரு அடி பின்னே கேட்டு, ஒரு அடி முன்னே கேட்டு, கால் மறுபடி என் சொல்லுக்கு வரும்வரை பொறுத்தேன்.

சேணம் பற்றி நானாவோடு கொஞ்சம் வாக்குவாதம் வந்தது. குதிரை சுமக்கும் எடை, சேணத்தையும் சேர்த்து, தன் எடையில் ஐந்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான அளவு. ராணிக்கு அது 44 கிலோ. சேணம் 6 கிலோ போக 38. மணலில் நடப்பதையும் புழுக்கத்தையும் கணக்கில் எடுத்து 35 என்று வைக்கலாம் என்றேன். "பெரிய பிள்ளைகள் வந்தா என்ன சொல்றது தம்பி, காசு போகுமே" என்றார். போகும்தான். இரண்டு நாள் யோசித்துவிட்டு அவரே ஒரு குளியலறைத் தராசு வாங்கிவந்தார். வயிற்றுப்பட்டியை ஒரேயடியாக இறுக்காமல், ஒரு துளை இறுக்கி, நாலு அடி நடந்து, மறுதுளை என்றுதான் கட்டுகிறோம். கடிவாள இரும்பு இல்லை. தலைக்கயிற்றோடு ஒருவர் கூடவே நடத்திப் போவதற்கு வாயில் இரும்பு தேவையில்லை. இதுவரை ஏறியவர் நானாவின் மகள் மட்டும், முற்றத்துக்குள், இரண்டு பக்கமும் ஆள் நிற்க.

காலிமுகத்துக்குப் போக லொறி ஏறவேண்டும், அது இன்னும் மிச்சம். லொறியின் சாய்பலகையைக் கழற்றி, கொட்டிலுக்கும் புல் தொட்டிக்கும் இடையே தரையில் தட்டையாகப் போட்டிருக்கிறோம். முதலில் பலகையைத் தாண்டிக் குதித்தாள், இப்போது அதன் மேல் நாலு காலும் வைத்து நடக்கிறாள். மரத்தின் வெற்றொலிக்குக் காது திரும்புகிறது, ஆனால் நிற்பதில்லை. அடுத்த கிழமை பலகையின் ஒரு முனைக்குக் கீழே ஒரு செங்கல் வைப்போம்.